கையேடு வருகிறது, மேற்பார்வை வருவதில்லை: சான்று சார்ந்த உளவள ஆலோசனை களத்துக்கு வரும் வழி

"நீங்களாவது நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க" என்பதுதான் உளவள ஆலோசனையிடம் நம்மில் பெரும்பாலோர் வைக்கும் எதிர்பார்ப்பு. குடியை விடாத கணவனையோ, பள்ளிக்குப் போக மறுக்கும் மகனையோ, பிள்ளைபெற்ற பின் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மருமகளையோ அழைத்து வருகிறவர்கள், எதிரே அமர்ந்திருப்பவர் படித்தவர், அவர் சொன்னால் எடுபடும் என்று நம்பித்தான் வருகிறார்கள். அமர்ந்திருப்பவரும் பல வேளைகளில் அந்த எதிர்பார்ப்பை ஏமாற்றாமல் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லியே அனுப்புகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆலோசனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கோடு போட்ட நீண்ட நோட்டு. வரிசை எண், பெயர், வயது, ஊர், பிரச்சினை, எடுத்த நடவடிக்கை, கையொப்பம் என்று கட்டங்கள். 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில், பக்கத்தின் முதல் வரியில் மட்டும் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை, 'மேற்படி' என்பதைக் குறிக்கும் இரட்டைக் கோடுகள் மட்டுமே.

என்ன பேசப்பட்டது, வந்தவர் மறுபடி வந்தாரா, வந்தபோது முன்பைவிடத் தேறியிருந்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த நோட்டில் விடை இல்லை. 'சான்று சார்ந்த ஆலோசனை' என்று இன்று பேசப்படுவது, இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கும் ஆலோசனையைத்தான். ஒரு குறிப்பிட்ட துன்பத்துக்கு ஒரு குறிப்பிட்ட பேச்சுமுறை உதவுகிறதா என்பதை, அந்த முறையைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பலன் தந்த முறை, வேறொருவர் எடுத்துச் செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதியபடியே அது செய்யப்படுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; இதுதான் மேற்பார்வை. மாத்திரையைப் போல ஆலையில் எடைபோட்டு அட்டையில் அடைக்க முடியாத மருந்து இது; ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரின் வாயில் புதிதாகத் தயாராகிறது. ஆகவே இந்த மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கடினமானது. சமூக அளவில் இயங்கும் அமைப்புகள் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

பேசுவதால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது, இதற்கெல்லாம் சான்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பழைய அனுபவத்தைச் சொல்லலாம். பேரிடரிலோ விபத்திலோ சிக்கியவர்களை, நடந்த சில நாட்களுக்குள் உட்காரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் முழுவதுமாகக் கொட்டவைத்துவிட்டால் பின்னால் மன அதிர்ச்சி நோய் வராது என்ற கருத்து 1980-களில் அமெரிக்காவில் தோன்றியது. தீயணைப்பு வீரர்களுக்கும் அவசர ஊர்திப் பணியாளர்களுக்குமென வகுக்கப்பட்ட அந்த முறை, விரைவிலேயே உலகெங்கும் பேரிடர்க் களங்களுக்குப் பரவியது. கேட்பதற்கு அவ்வளவு இயல்பான கருத்து அது. 'மனசுல இருக்கறத வெளிய கொட்டிடு' என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதுண்டு. ஆனால் ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு காக்ரேன்), ஒற்றை அமர்வில் இப்படிக் கொட்டவைப்பது பின்னாளைய அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்று கண்டது. சாலை விபத்தில் அடிபட்டவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் மிகுதியாகக் கலங்கியிருந்தவர்களில் இந்த அமர்வைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அண்மையில் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் மாதக்கணக்கில் பணிசெய்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பேச்சும் காயத்தைக் கிளறக்கூடும். எது கிளறுகிறது, எது ஆற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்காமல் அறிய வழியில்லை.

இனி, ஏன் சமூக அமைப்புகள் என்ற கேள்வி. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். இந்த இடைவெளியை மருத்துவப் பட்டங்களைக் கொண்டு நிரப்ப இன்னும் பல தலைமுறைகள் ஆகும். எனவேதான் கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்களின் கவனம், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு முறையை நன்றாகக் கற்றுக்கொடுத்து, அவரைக் கொண்டு அதைச் செய்விக்க முடியுமா என்பதில் குவிந்தது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமப்புறங்களில், வீடுதோறும் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களே மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் சோர்வூட்டும் எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றும் சிந்தனைச் சீரமைப்பு முறையை எளிமையாக்கிக் கையாண்டார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது மனச்சோர்வோடு இருந்தவர்கள் அந்தப் பகுதிகளில் 23 சதவீதம். சாதாரண வருகைகள் மட்டும் நடந்த பகுதிகளில் 53 சதவீதம்.

நமக்கு அருகில், நம் அரசு மருத்துவ அமைப்புக்குள்ளேயே இதை நிகழ்த்திக் காட்டிய இடம் கோவா. அங்கே 1996-இல் தொடங்கப்பட்ட 'சங்காத்' என்ற தொண்டு நிறுவனமும், அதை நிறுவியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் விக்ரம் படேலும் இந்தத் துறையில் செய்த பணி, வெற்றிகளுக்காக எவ்வளவு படிக்கப்பட வேண்டுமோ அதே அளவு சறுக்கல்களுக்காகவும் படிக்கப்பட வேண்டியது. முதல் பெரிய ஆய்வு 'மானஸ்'. முடிவு வெளியான ஆண்டு 2010. பன்னிரண்டு அரசு நிலையங்கள், பன்னிரண்டு தனியார் மருத்துவர்கள், மொத்தம் 2,796 நோயாளிகள். அரசு நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் இருந்த இடங்களில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதம் பேர் தேறினார்கள். இல்லாத இடங்களில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவர்களிடமோ ஆலோசகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு இல்லை. ஒரே முறை, ஒரே பயிற்சி. ஆனால் இடம் மாறியதும் கூடுதல் பலன் மறைந்துவிட்டது. வருகிறவரை ஏற்கெனவே பெயர் சொல்லி அறிந்து, நின்று பேசி அனுப்பும் குடும்ப மருத்துவரிடம் ஆலோசகர் புதிதாகச் சேர்ப்பதற்கு அதிகம் இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். ஒரு முறையைத் தத்தெடுக்க நினைக்கும் அமைப்பு, 'இது பலன் தருமா' என்பதோடு 'இங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது' என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த முடிவு உணர்த்துவதால்தான், பலரும் தாண்டிச் சென்றுவிடும் இந்தத் தனியார் பகுதியை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

அடுத்த சுற்றில் அவர்கள் முறையையே இன்னும் எளிமையாக்கினார்கள். 'நலமான செயல்பாடு' என்று பொருள்படும் பெயரில் அமைந்த அந்தத் திட்டத்தின் உட்கரு, செயலூக்க முறை என்று சொல்லத்தக்க ஒன்று. மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விடுகிறார்: அக்கம்பக்கத்தாரோடு பேச்சு, கோயில், சந்தை, சமையலில் அக்கறை. விட விட, மனதுக்கு இதமளித்த ஊற்றுகள் அடைபடுகின்றன. அடைபட அடைபடச் சோர்வு கூடுகிறது. 'மனசு சரியானதும் செய்யறேன்' என்று அவர் காத்திருக்கிறார். இந்த முறை வரிசையைத் திருப்பிப் போடுகிறது: சிறிதாகச் செய், மனம் பின்னால் வரும். இதன் வேர்கள் 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் செய்த பணியில் உள்ளன. சிந்தனையைச் சீரமைக்கும் முழுச் சிகிச்சையிலிருந்து இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியே பிரித்து, 150 பேரிடம் ஒப்பிட்ட 1996-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், முழுச் சிகிச்சைக்குக் கிடைத்த பலன் பகுதிக்கும் கிடைத்தது. பட்டம் பெறாத ஒருவரால் கற்றுக்கொள்ளக்கூடிய முறையைத் தேடியவர்களுக்கு இது பெரிய சேதி.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, கை கால் அசதி, எதிலும் பிடிப்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் வந்தது தலைவலி மாத்திரைக்காக. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொண்டு, கடந்த இரண்டு வாரங்களில் எது எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு 27-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். அவருக்கு 17 வருகிறது. ஆலோசகர் அவருக்குத் தைரியம் சொல்வதில்லை; நேற்று காலை முதல் இரவுவரை என்ன செய்தார் என்று மணிக்கணக்கில் கேட்கிறார். துவைக்க வேண்டிய துணி ஒரு வாரமாகக் குவிந்து கிடக்கிறது, அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்கிறார் அந்தப் பெண். 'முழுக் கூடையும் வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு புடவை மட்டும். முடிந்ததும் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, மனது எப்படி இருந்தது என்று பக்கத்தில் குறித்து வாருங்கள்.' அடுத்த அமர்வு அந்தத் தாளிலிருந்து தொடங்கும். கோடு விழவில்லை என்றால் ஏன் விழவில்லை என்பதே பேச்சு, திட்டு கிடையாது. ஆறு முதல் எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரை மணிக்குச் சற்று மேல்.

கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஓரளவு கடுமையானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வுள்ள 495 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒப்பிடப்பட்ட மற்றொரு பிரிவையும் வெறுங்கையோடு விடவில்லை. அவர்களின் மதிப்பெண் மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது, என்ன செய்யலாம் என்ற வழிகாட்டுதலும் மருத்துவரிடம் இருந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 39 சதவீதம் பேரும் சோர்வு எல்லையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். இதோடு இணைந்து, அபாயகரமான அளவில் குடிக்கும் 377 ஆண்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், ஒன்று முதல் நான்கு அமர்வுகள் பெற்றவர்களில் கடைசிப் பதினான்கு நாட்களில் குடிக்கவே இல்லை என்று சொன்னவர்கள் 42 சதவீதம். மற்றப் பிரிவில் 18 சதவீதம். ஆனால் தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவில் மாற்றம் ஏதும் இல்லை. இந்தப் பின்வரியை மறைக்காமல் அச்சிட்டதும் சான்று என்ற சொல்லுக்குள் அடக்கம்தான்.

இதுவரை சொன்னதைப் படிக்கும் ஓர் அமைப்பின் நிர்வாகி, சரி, அந்தக் கையேட்டைத் தமிழாக்கி நம் பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று முடிவெடுப்பார். தவறு தொடங்குவது இங்கேதான். கோவாவில் வகுப்பறைப் பயிற்சி சில வாரங்கள்தான். அதற்குப் பின் மாதக்கணக்கில் களப்பயிற்சி இருந்தது. அதில் தேறியவர்கள் மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அமர்வுகள் நோயாளியின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்யப்பட்டன. வாரந்தோறும் ஆலோசகர்கள் குழுவாகக் கூடி, ஒரு பதிவை எல்லோருமாகக் கேட்டு, ஒரு மதிப்பீட்டுத் தாளை வைத்து மதிப்பெண் போட்டுப் பேசினார்கள். தொடக்கத்தில் நிபுணர்கள் அந்தக் கூட்டத்தை நடத்தினார்கள். போகப் போக ஆலோசகர்களே முறைவைத்து நடத்தினார்கள். சக ஆலோசகர்கள் போட்ட மதிப்பெண், நிபுணர் போட்ட மதிப்பெண்ணோடு ஏற்கத்தக்க அளவு ஒத்துப்போவதையும் தனியே ஆராய்ந்து பார்த்தார்கள். 64 என்ற அந்த எண்ணை ஈட்டியது இந்த முழு ஏற்பாடு; கையேடு அதில் ஒரு பகுதி. முழு ஏற்பாட்டில் மலிவான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த எண்ணை மேற்கோள் காட்டும் விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. குடி, போதை ஆகியவற்றில் சிக்கியவரிடம் வாதிடாமல், மாற வேண்டும் என்ற காரணத்தை அவர் வாயாலேயே வரவழைக்கும் 'ஊக்க நேர்காணல்' முறையை 1983-இல் எழுதி அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். தம் முறை ஊரெங்கும் இரண்டு நாள் பட்டறைகளில் கற்பிக்கப்படுவதைக் கண்ட அவரே, அந்தப் பட்டறைகளால் ஏதாவது நிலைக்கிறதா என்று சோதித்தார். உரிமம் பெற்ற 140 தொழில்முறை ஆலோசகர்களை ஐந்து பிரிவாகப் பிரித்தார்: கையேடும் காணொளியும் மட்டும் பெற்றவர்கள், பட்டறை மட்டும், பட்டறையோடு தம் பதிவுகளுக்கு மதிப்பெண் பெற்றவர்கள், பட்டறையோடு தொலைபேசி வழிகாட்டல் பெற்றவர்கள், மூன்றையும் பெற்றவர்கள். 2004-இல் வெளியான முடிவு, பட்டறையில் ஏறிய திறன் அப்படியே விட்டால் சில மாதங்களில் இறங்கிவிடுவதையும், பின்தொடர்ந்து வழிகாட்டினால் நிலைப்பதையும் காட்டியது. வந்தவர்களின் பேச்சிலேயே மாற்றம் தெரிந்தது மூன்றையும் பெற்றவர்களிடம் மட்டும்தான். இவர்கள் உரிமம் வைத்திருந்த தொழில்முறையினர்; மூன்று நாள் பயிற்சியோடு களத்தில் இறக்கிவிடப்படும் நம் பணியாளரின் நிலையை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, நம்மிடம் பயிற்சி படிக்கட்டு முறையில் இறங்குகிறது. மாநில அளவில் ஐந்து நாள் கற்றவர் மாவட்ட அளவில் மூன்று நாள் கற்பிக்கிறார்; மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்தில் ஒரு நாள் நடத்துகிறார்; வட்டாரத்தில் கற்றவர் மாதாந்தரக் கூட்டத்தில், தேநீருக்கு முன் அரை மணி நேரம் பேசுகிறார். வாயால் விளக்கிவிடலாம் என்பதால் தத்துவம் அந்தக் கடைசிப் படிக்கட்டு வரை வந்துசேரும். பேசிக் காட்டி, செய்துபார்க்கவைத்து, திருத்திக் கற்பிக்க வேண்டிய பகுதி முதல் படிக்கட்டிலேயே நின்றுவிடும்.

கூடிக் கேட்கும் அந்த வாராந்தரக் கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று ஐயம் எழலாம். தம் குரலைத் தாமே கேட்கும் ஆலோசகருக்கு முதலில் அதிர்ச்சியளிப்பது, அரை மணி அமர்வில் பாதிக்கு மேல் தாமே பேசியிருப்பதுதான். வந்தவர் 'என்னால முடியல' என்று சொன்ன இடத்தில், அதை அப்படியே ஏற்று ஒரு கணம் நிற்காமல், 'அப்படியெல்லாம் நினைக்காதீங்க' என்று முந்திக்கொண்டிருப்பார். வீட்டுப்பாடத் தாளைக் கேட்க மறந்திருப்பார். அடுத்த வேலையை 'தினமும் நடங்க' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருப்பார். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்று கேட்டிருக்கமாட்டார். இவை எதையும் பதிவேட்டில் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆலோசகரிடமே கேட்டும் அறிய முடியாது, ஏனென்றால் அவர் நினைவில் அந்த அமர்வு நன்றாகத்தான் நடந்திருக்கும். இன்னொன்று: ஒரு நாளில் மூன்று பேரின் தற்கொலை எண்ணங்களைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டிய பெண்ணுக்கு, அந்தச் சுமையை இறக்கிவைக்கும் இடமும் இந்தக் கூட்டம்தான்.

ஒலிப்பதிவு என்றதும் இரகசியம் போய்விடுமே என்ற தயக்கம் வருவது நியாயமானது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தம் மனநலம் குறித்த தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே வரையறுக்கிறது. ஆகவே கேட்டு ஒப்புதல் வாங்குவது, மறுப்பவரைப் பதிவு செய்யாமலே பார்ப்பது, பெயரும் ஊரும் வராமல் கூட்டத்தில் கேட்பது, கேட்டு முடித்ததும் அழித்துவிடுவது ஆகிய நான்கும் கட்டாயம். ஊழியரின் சொந்தக் கைபேசியில் பதிவு செய்து புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடும் வழக்கம் எங்காவது இருந்தால், அதைவிடப் பதிவே இல்லாமல் இருப்பது மேல்.

கையேட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் ஆலோசகர் இயந்திரமாகிவிட மாட்டாரா என்பது அனுபவசாலிகள் எழுப்பும் ஆட்சேபம். உறவுதான் ஆற்றுகிறது, உத்தி அல்ல என்பார்கள். இதில் உண்மையும் உண்டு. அதனால்தான் கோவா மதிப்பீட்டுத் தாளில் பொதுத் திறன்களுக்கு ஒரு பகுதியும், முறைக்கே உரிய திறன்களுக்கு ஒரு பகுதியும் இருந்தன. கனிவோடு கேட்டாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு, செயல்தாளைப் பார்த்தாரா என்பதற்கும் உண்டு. தமிழில் இந்தத் தொழிலுக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்று பெயர் வைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. அவன் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதில்லை; எந்த ஊர் வழியாகப் போவது, இடையில் என்ன நிலம் வரும், எங்கே என்ன உணவு கிடைக்கும் என்று அடையாளங்களோடு சொல்கிறான். சொல்பவன் பெரும் புலமையாளன் அல்லன். எதிரே நிற்பவனைப் போன்ற ஒருவன்தான். வழி தெரிந்திருப்பதும் பரிவோடு சொல்வதும் அவனிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

அதே நேரம், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் பதினான்கு பாட்டிமார்களோடு தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவமனை வளாகத்தில் மரத்தடி பெஞ்சு ஒன்றில் அமர்ந்து பாட்டி பேசுவார். அதற்கு முதலில் 'மனநல பெஞ்சு' என்று பெயரிட்டபோது ஆள் வரவில்லை. பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகளே. அது 'நட்பு பெஞ்சு' ஆயிற்று. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை விட்டு, ஷோனா மொழியில் 'அதிகமாக யோசித்தல்' என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற மக்கள் சொல்லைக் கையாண்டார்கள். நம்மிடமும் 'டிப்ரஷன் இருக்கா' என்று கேட்டால் இல்லை என்பவர், 'ரொம்ப யோசனையா இருக்கா, மனசு விட்டுப்போச்சா' என்று கேட்டால் பேசத் தொடங்குவார். பெயர், இடம், சொல், உட்காரும் பலகை எல்லாம் மாறின. ஒரு பிரச்சினையைத் தேர்ந்து, தீர்வுகளை வந்தவரே அடுக்கி, ஒன்றைச் செய்துபார்த்துத் திரும்பி வரும் உட்கரு மாறவில்லை. 24 மருத்துவமனைகளில் 573 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகளோடு இருந்தவர்கள் பெஞ்சுக்கு வந்தவர்களில் 13.7 சதவீதம், வராதவர்களில் 49.9 சதவீதம். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆங்கிலத் தலைப்பையும் படங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, நேரமில்லை என்று சொல்லி எட்டு அமர்வை இரண்டாகக் குறைத்துவிடுகிறோம்.

சென்னைக்கும் கொழும்புக்கும் நேரடித் தொடர்புள்ள இன்னொரு முறை, அமர்வுகளின் கால அட்டவணையே சிகிச்சையாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் சேர்க்கப்பட்டனர். சென்னையில் இதை வழிநடத்தியவர், 1986-இல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. அதன் பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பு. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்கு, ஏழு, பதினொன்று, பிறகு நான்காம் மாதம், ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. 2008-இல் வெளியான முடிவில், வழக்கமான பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். தொடர்பில் இருந்த பிரிவில் 0.2 சதவீதம். உயர்ந்த உத்தி எதுவும் இதில் இல்லை. பதினோராம் வாரத்துக்கு உரிய அழைப்பைப் பதினோராம் வாரத்தில் செய்யும் ஒழுங்கு இருக்கிறது. ஒரு நாட்காட்டியும் அதைத் தவறாமல் பார்க்கும் ஒருவரும் போதும் என்பதால் சிறிய அமைப்புகளுக்கு மிகவும் ஏற்ற முறை இது. ஊழியர் மாறும்போது முதலில் உதிர்ந்துபோவதும் இதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கான ஆள்பலம் இல்லை என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் நம்பிக்கை மைய ஆலோசகர்கள் பல ஆண்டுகளாக மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு வாசல்வரை போகிறார்கள். 2022 அக்டோபர் முதல் மனநல உதவிக்கான 14416 என்ற தேசியத் தொலைபேசி எண் இயங்குகிறது. நீரிழிவு மாத்திரையை ஒழுங்காகப் போடாதவரிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்க, அந்த வாசலில் நிற்பவரைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே கையில் பல படிவங்களோடு, ஊக்கத்தொகைக்கு வேலை செய்யும் அவர் தலையில் ஒன்பது கேள்வித் தாளையும் ஏற்றிவிட்டு, 17 வந்தவரை எங்கே அனுப்புவது என்று சொல்லாமல் விடுவது, கண்டுபிடித்துவிட்டுக் கைவிடும் ஏற்பாடாகவே முடியும். தாள் கொடுப்பதற்கு முன், அந்த வட்டாரத்தில் எட்டு அமர்வு உட்கார நேரமுள்ள ஒருவரும், அவருக்கு வாரம் ஒரு மதியம் காது கொடுக்கும் இன்னொருவரும் இருக்க வேண்டும். மாவட்ட மனநல உளவியலாளர் இந்த இரண்டாவது நாற்காலிக்கு உரியவர். வெளிநோயாளர் வரிசை அவரை விடுவதில்லை என்பதுதான் சிக்கல். கோவாவைப் போல அந்த நாற்காலியை ஆலோசகர்களே முறைவைத்து நிரப்பலாம். அதற்கும் முதல் ஆறு மாதமாவது நிபுணர் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பதிவேட்டுக்காரர்களிடம் இதையெல்லாம் விளக்கமாகவே பேசினேன். 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தை மூன்றாகப் பிரித்து, எத்தனையாவது அமர்வு, ஒன்பது கேள்வி மதிப்பெண், அடுத்து வரும் தேதி என்று போட அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். வாரக் கூட்டத்துக்கு வந்தபோதுதான் ஒருங்கிணைப்பாளர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாம் சரிதான். மேற்பார்வைன்னு எழுதினா இதுக்கு எதுக்கு தனியா காசுன்னு கேட்பாங்க. பயிற்சின்னு போட்டா கேள்வியே வராது," என்றார். அந்த ஆண்டு வரவுசெலவில் வாரந்தோறும் சனிக்கிழமை மதியங்கள் ஐம்பதும் 'தொடர் பயிற்சி' என்ற தலைப்பின் கீழ் ஏறின.